கிணறு பொது!

அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரித்துக் கொள்கிறார்கள். கூடத்தின் நடுவே சுவர் எழுகிறது. உருளி ஒருவருக்கு, அண்டா ஒருவருக்கு. கொல்லைக் கிணறோ அண்ணன் பக்கம் போய்விட்டது. விஷயம் தெரிந்த பெரியவர் யாராவது அருகில் இருந்தால், "கிணறு பொது என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதுங்கள்" என்பார். அந்த வரி விட்டுப் போனால்? ஓரகத்திகள் இருவரும் சிரித்துப் பேசும் வரையில் குடம் நிறையும். அப்புறம்?

கன்னியாகுமரி ஜில்லாவின் மேற்குக் கோடியிலுள்ள விளவங்கோட்டின் கதையும் இதுதான், சகோதரிகளே!

அகஸ்தியர் மலையில் பிறந்து, பூவாறு அருகே கடலில் கலக்கிறது நெய்யாறு. திருவிதாங்கூர்-கொச்சி ஒரே ராஜ்யமாக இருந்தபோது, அதன் குறுக்கே அணை கட்டி ஏரியாகத் தேக்கத் தொடங்கினார்கள். இடது கரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் ஜலம் கொண்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒப்பந்தம் எதற்கு? தனக்குத் தானே பத்திரம் எழுதிக் கொள்பவர் உண்டா?

1956 நவம்பர் 1-ந் தேதி சுவர் எழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தன. போராடிப் பெற்ற சந்தோஷம் அது. ஆனால் ஏரி கேரளத்தில் நின்றுவிட்டது! 1958-ல் அணை முடிந்தது. பிறகு கால்வாயும் எல்லை தாண்டி வந்தது. அதை நம்பியிருந்த நிலம் 9,200 ஏக்கர்.

2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. "நெய்யாறு எங்கள் மலையில் பிறந்து எங்கள் கடலில் சேருகிறது. இது இரு ராஜ்யத்து ஆறு அல்லவே!" என்பது அவர்கள் கட்சி. தண்ணீருக்கு விலை பேசி ஒப்பந்தம் போடலாம் என்றும் சொன்னார்கள். வாதத்தில் சாமர்த்தியம் இருக்கிறது. ராஜ்யங்களுக்கிடையே ஓடும் ஆறுகளின் தகராறுக்கென்று அதே 1956-ல் ஒரு சட்டம் வந்தது உண்மை; ஆனால் இங்கே எல்லையைத் தாண்டியது ஆறு அல்ல, கால்வாய். ஏரி வெட்டும்போதே விளவங்கோட்டையும் எண்ணித்தான் வெட்டினார்கள் என்பதை மட்டும் அந்த வாதம் மறந்துவிடுகிறது.

ஐரோப்பாவில் கான்ஸ்டன்ஸ் என்றொரு ஏரி. ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் அதன் கரையில் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், அதன் பெரும் பகுதியில் யாருடைய எல்லை எதுவரை என்பதில் இன்றுவரை அவர்களுக்குள் முடிவில்லை! ஆனாலும் ஏரியை அசுத்தப்படுத்தாமல் காக்க 1960-ல் ஒப்பந்தம். யாரும் இஷ்டப்படி தண்ணீர் எடுக்காமலிருக்க 1966-ல் இன்னொன்று. சுவர் எங்கே என்று தெரியாது; கிணறு பொது என்று மட்டும் எழுதி வைத்துவிட்டார்கள். நம் பக்கத்தில் சுவர் அங்குலம் பிசகாமல் நிற்கிறது. அந்த ஒரு வரியைத்தான் காணோம்.

2012-ல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட் படியேறியது. கால்வாய் வறண்ட வருஷம் பிறந்த குழந்தைக்கு அப்போது எட்டு வயது.