மலையின் சேமிப்புக் கணக்கு

மாதத் தொடக்கத்தில் வரும் சம்பளத்தில் அம்மா சிறிது எடுத்து வைப்பதால்தான் கடைசி வாரத்திலும் நம் வீட்டில் அடுப்பு எரிகிறது. மலைக்கும் இப்படி ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு. மழை அதன் வரவு. ஓடையில் ஓடும் நீரும், வெயிலில் ஆவியாகும் நீரும், செடிகொடிகள் வேரால் உறிஞ்சி இலைவழியே வெளியிடும் நீரும் செலவு. மண்ணில் தங்கும் ஈரமே சேமிப்பு.

நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் சரிவுகளில் புல்வெளியும் பள்ளங்களில் சோலைக்காடும் இயற்கையாகவே அமைந்துள்ளன. சோலையின் சருகும் மக்கிய மண்ணும் பஞ்சுபோல் மழைநீரை ஏற்கின்றன. புல்லோ மண் அரிக்காமல் காக்கிறது. அது செலவழிக்கும் நீரும் குறைவு. உள்ளே இறங்கிய நீர் மெல்லக் கசிந்து, மழை நின்ற பின்னும் ஓடைகளை ஓடச் செய்கிறது.

"வெறும் புல்தானே! அங்கே மரம் நட்டால் நல்லதல்லவா?" என்று நாம் எண்ணலாம். இதை அறிய, உதகையை அடுத்த கிளன்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். 1972இல் ஒன்றில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் தைல மரம் நட்டனர். மற்றதை அப்படியே விட்டனர். முதல் பத்தாண்டுகளில், மரம் நட்ட பகுதி தந்த நீர் ஏறக்குறைய 16 சதவிகிதம் குறைந்தது. விரைந்து வளரும் அம்மரம் சேமிப்பிலேயே கை வைத்துவிட்டது!

மரம் நடுவது நல்லதே. ஆனால் எங்கே, எந்த மரம் என்று அறிந்து நட வேண்டும். நீலகிரியின் நீர் மாயாறாகவும் பவானியாகவும் இறங்கிக் காவிரியில் கலக்கிறது. மலைமேல் உள்ள புல்லைக் காத்தால், சமவெளியில் நம் குடமும் நிறையும் அன்றோ!