நொண்டுவது எந்தக் கால்?

குதிரை நொண்டினால் எல்லோரும் காலைப் பார்ப்பார்கள். அனுபவமுள்ள கால்நடை மருத்துவரின் கண் தலைக்குப் போகும். வலியுள்ள முன்னங்கால் தரையில் படும்போது, பாரம் குறையட்டுமென்று குதிரை தலையைத் தூக்கிக்கொள்ளும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். இதை டிராட் ஓட்டத்தில்தான் பார்ப்பார்கள். அந்த ஓட்டத்தில் வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் சேர்ந்து விழ, அடுத்து மற்ற இரண்டும் விழும். தாளம் சீரானது என்பதால் சின்னப் பிசகும் தெரிந்துவிடும்.

தலையை மட்டும் நம்பினாலும் ஏமாறலாம். இடது பின்னங்காலில் வலி என்று வையுங்கள். அது ஊன்றும்போது பாரத்தை முன்பக்கம் தள்ளக் குதிரை தலையைத் தாழ்த்தும். அதே நொடியில் தரையில் இருப்பது வலது முன்னங்கால். ஆக வலது முன்னங்கால் நல்லது, கோளாறு இடது முன்னங்காலில் என்று தோன்றும். குற்றமில்லாத குளம்பைத் தட்டிப் பார்ப்பதிலும் லாடத்தைக் கழற்றி மாட்டுவதிலும் நாள் போகும். அதனால்தான் பின்னாலிருந்து, இடுப்பு இரு பக்கமும் ஒரே அளவில் ஏறி இறங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். லேசான நொண்டலில் கைதேர்ந்தவர்களே ஆளுக்கொரு காலைக் காட்டுவதுண்டு. சந்தேகப்படும் காலை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, மறுபடி ஓடவிட்டு நொண்டல் மறைகிறதா என்று பார்த்தால் விஷயம் வெளிச்சமாகும்.

சேணம் ஒரே பக்கம் சரிந்தால் பழி சேணத்தின் மீதோ சவாரி செய்பவர் மீதோ விழும். பிரிட்டனில் லீன கிரேவும் சூ டைசனும் ஆராய்ந்தபோது, பின்னங்கால் வலியும் அதற்குக் காரணமாவது தெரிந்தது. கால் மரத்ததும் பெரும்பாலான குதிரைகளில் சேணம் சரியவில்லை!

சில கோணல்கள் குட்டிப் பருவத்திலேயே தொடங்குகின்றன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 24 குட்டிகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. கால் நீண்டு, தலை சிறுத்த குட்டிக்கு வாய் புல்லுக்கு எட்டாது. ஒரு முன்னங்காலை முன்னே நீட்டி, மற்றதைப் பின்னே வைத்து மேயும். ஏறக்குறைய பாதிக் குட்டிகளுக்கு எப்போதும் ஒரே காலை நீட்டும் பழக்கம் வந்தது. அவற்றின் இரு குளம்புகளும் வெவ்வேறு கோணத்தில் வளர்ந்தன. குதிரைக்குக் காறையெலும்பு கிடையாது. நெஞ்சுக்கூட்டை முன்னங்கால்களுக்கு நடுவே தாங்குவது தசைதான். எனவே குளம்பில் தெரியும் வேறுபாட்டைத் தோளிலும் தேட வேண்டும். இரண்டு குளம்பையும் சீவி ஒரே மாதிரி ஆக்கிவிட்டால் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. படத்துக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

குதிரை வளர்ப்பவர்கள் மாதம் ஒருமுறை சமதரையில் நிறுத்தி முன், பின், இரு பக்கமும் படமெடுத்து வையுங்கள். குளம்பு மேலிருந்து நுனிவரை புதிதாக வளர ஏறக்குறைய ஓராண்டு ஆகும் என்பதால் மாற்றம் மெதுவாகத்தான் தெரியும். மருத்துவர் வரும்போது அந்தப் படங்களையும் காட்டுங்கள்.