தலைவி லீவ் போட்டா மன்றமும் லீவா?

(எபிசோடின் சுருக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். வல்லம் வடகால் பக்கம் ஹாஸ்டல்ல தங்கி வேலைக்குப் போற ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க. "அக்கா, நாங்க எட்டுப் பேர் சேர்ந்து ஒரு மகளிர் மன்றம் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு உதவி, ரத்த தானம், இந்த மாதிரி. யாரை தலைவியா போடுறது? எப்படி நடத்துறது?"

இதுக்கு பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கு. நான் ஒரு மன்றத்தை நடத்தி, கிட்டத்தட்ட மூடியும் இருக்கேன்.

19,000 ரூபாய் எங்க இருந்துச்சு?

ஸ்ரீபெரும்புதூர்ல நாங்க 14 பேர். பாதிப் பேர் ஃபேக்டரி லைன்ல வேலை. ஒரு டெய்லர் அக்கா, ஒரு டியூஷன் டீச்சர், என்னை மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ற ரெண்டு மூணு பேர். மாசம் ஆளுக்கு 200 ரூபாய். யாருக்காவது அவசரம்னா அதுல இருந்து குடுப்போம். காசு என் ஜிபேல. வாட்ஸ்அப் குரூப்புக்கு அட்மின் நான் மட்டும். ஹாஸ்டல் வார்டன்கள், ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லார் நம்பரும் என் போன்ல. "நீ இல்லைன்னா இந்த மன்றமே இல்ல"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நான் அதைப் பாராட்டுன்னு நினைச்சேன்.

ஆபீஸ்ல ஒரு பெரிய ரிலீஸ் வந்துச்சு. மூணு வாரம் ராத்திரி பகலா வேலை. குரூப்பை மியூட் பண்ணிட்டேன். ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு எங்க மெம்பர் ஒருத்தர் மெசேஜ் போட்டிருக்காங்க. வயித்து வலி, ஸ்கேன் எடுக்கணும், 4,000 ரூபாய் வேணும். நான் அதைப் பார்த்தது மூணாவது நாள். அதுக்குள்ள அவங்க கம்மலை அடகு வச்சிட்டாங்க. அன்னைக்கு மன்றத்துல 19,000 ரூபாய் இருந்துச்சு. ஆனா அது என் போன்ல இருந்துச்சு.

எங்க தொழில்ல 'பஸ் ஃபேக்டர்'னு ஒண்ணு சொல்லுவோம். ஒரு ப்ராஜெக்ட்ல எத்தனை பேர் மேல பஸ் ஏறினா வேலை நின்னு போகும்? நூறு பேர் இருக்கற டீம்லயும், ஒரே ஒருத்தருக்கு மட்டும் எல்லாம் தெரியும்னா பஸ் ஃபேக்டர் ஒண்ணுதான். ஆபீஸ்ல இதைப் பத்தி மீட்டிங் போட்டுப் பேசுற நான், மன்றத்துல அதே தப்பைப் பண்ணியிருந்தேன்.

அடையாறுல நடந்த கதை

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் எல்லாருக்கும் தெரியும். அதோட பேருக்குப் பின்னாடி 'டபிள்யூ.ஐ.ஏ.'ன்னு மூணு எழுத்து இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன். தமிழ்ல இந்திய மாதர் சங்கம். அந்த ஆஸ்பத்திரியைக் கட்டினது ஒரு பெண்கள் சங்கம்.

1917 மே மாசம், அடையாறுல ஆரம்பிச்சாங்க. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முன்னெடுத்தாங்க, அன்னி பெசன்ட் முதல் தலைவர். கிளைகள்ல எழுத்துப் படிக்க, தையல், முதலுதவின்னு வகுப்பு நடத்தினாங்க. இது சேவை. அதே வருஷம் டிசம்பர்ல, மெட்ராஸுக்கு வந்த மாண்டேகுவை சரோஜினி நாயுடு தலைமையில ஒரு பெண்கள் குழு பார்த்து, ஓட்டுரிமை கேட்டுச்சு. அந்தக் குழுவுக்குப் பின்னாடியும் கசின்ஸும் இந்தச் சங்கமும் இருந்தாங்க. இது உரிமை. ரெண்டையும் ஒரே சங்கம் பண்ணுச்சு.

இந்தச் சங்கத்துல தீவிரமா இருந்தவங்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவங்க தங்கச்சி புற்றுநோய்ல இறந்தது அவங்க மனசை விட்டுப் போகவே இல்ல. சங்கத்தோட பேர்ல நிதி திரட்டினாங்க. 1952-ல நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன்ல 12 படுக்கையோட ஆஸ்பத்திரி திறந்துச்சு.

தேதிகளைப் பாருங்க. பெசன்ட் இறந்தது 1933-ல. கசின்ஸ் இறந்தது 1954 மார்ச்ல, ஆஸ்பத்திரி திறக்க மூணு மாசம் இருக்கும்போது. சங்கம் தன்னோட பெரிய வேலையைச் செஞ்சது ஆரம்பிச்சு 37 வருஷம் கழிச்சு, முதல் தலைவர் இல்லாம. முத்துலட்சுமி 1968-ல போனதுக்கு அப்புறமும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தான்னு ஆஸ்பத்திரி தொடர்ந்துச்சு. பஸ் ஃபேக்டர் அதிகமா இருந்தா இப்படித்தான் இருக்கும்.

தர்மபுரி குடுத்த டிசைன்

"அது பெரிய மனுஷங்க சங்கம், நமக்கு எப்படி?"ன்னு கேட்கலாம். நியாயம்தான். நமக்குப் பக்கத்துல இருக்கற டிசைன் சுய உதவிக் குழு. நம்ம ஊர்ல அது 1989-ல தர்மபுரி மாவட்டத்துல ஆரம்பிச்சு, அப்புறம் மகளிர் திட்டமா மாநிலம் முழுக்கப் போச்சு. நம்ம அம்மாவோ சித்தியோ யாராவது ஒருத்தர் அதுல இருப்பாங்க.

அதுல 'தலைவி'ன்னு ஒரே ஆள் கிடையாது. ஒரு ஊக்குநர், ரெண்டு பிரதிநிதி. பேங்க் கணக்கு குழு பேர்ல. ஒருத்தர் கையெழுத்துல மட்டும் காசு எடுக்க முடியாது. கூட்டத்துல பேசினதை தீர்மானப் புத்தகத்துல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடணும். எங்க அம்மா அந்த நோட்டோட உட்கார்ந்திருக்கறதைப் பார்த்து சின்ன வயசுல சிரிச்சிருக்கேன். இப்போ புரியுது, அது முழுக்க டாக்குமென்டேஷன்.

முறைப்படி சங்கமாப் பதிவு பண்ணணும்னா, 1975-ம் வருஷத்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கு. குறைஞ்சது ஏழு பேர் வேணும். எட்டுப் பேர் இருக்கீங்க, போதும். ஆனா முதல் நாளே பதிவுக்கு ஓட வேண்டாம். ஆறு மாசம் நோட்டுப் போட்டு நடத்திப் பாருங்க.

நம்ம ரோட்டுல என்ன வித்தியாசம்?

ஒரகடம்–ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரெண்டு சிக்கல். ஒண்ணு ஷிஃப்ட். 14 பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்க மாட்டாங்க. நாங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூட்டம் வச்சோம். நைட் ஷிஃப்ட் ஆளுங்க ஒருதடவை கூட வரல. இப்போ மாசம் ரெண்டு கூட்டம், வேற வேற நேரத்துல. ஒவ்வொரு ஷிஃப்ட்டுக்கும் ஒரு பிரதிநிதி.

ரெண்டாவது, ஆளுங்க போயிடுவாங்க. கான்ட்ராக்ட் முடியும், கல்யாணம் ஆகும், கம்பெனியே மூடும். 2014-ல நோக்கியா மூடினப்போ ஆயிரக்கணக்கான பேர் ஊருக்குப் பஸ் ஏறினாங்க. அதனால மன்றம் ஆளுங்க தலையில இருக்கக் கூடாது, நோட்டுல இருக்கணும்.

அந்த நோட்டுல என்ன எழுதணும்? முதல்ல, எந்த ரூம்ல யார், வீட்டு நம்பர் என்ன. 2021 டிசம்பரை மறக்கக் கூடாது. பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதியில சாப்பாடு ஒத்துக்காம 150 பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. யார் எங்க, எப்படி இருக்காங்கன்னு கூட இருந்தவங்களுக்கே தெரியல. செத்துட்டாங்கன்னு வதந்தி பரவுச்சு. பெண்கள் சென்னை–பெங்களூரு ஹைவேயை மறிச்சாங்க. சரியான ஒரு லிஸ்ட் யார்கிட்டயாவது இருந்திருந்தா, அந்த ராத்திரி பயமாவது குறைஞ்சிருக்கும். இப்போ 18,720 பேர் தங்குற பெரிய விடுதி வல்லம் வடகால்ல 2024-ல திறந்திருக்கு. லிஸ்டோட தேவை கூடியிருக்கே தவிர குறையல.

அடுத்து, உரிமைப் பக்கம். பே ஸ்லிப்ல இஎஸ்ஐக்கு 0.75 சதவீதம் பிடிச்சா, ஆஸ்பத்திரிக்குப் போறது உங்க உரிமை. கார்டு டவுன்லோட் பண்ணத் தெரியாம பிரைவேட்ல காசு கட்டுறவங்க நிறைய. கம்மல் அடகு வச்ச நம்ம மெம்பருக்கும் இஎஸ்ஐ இருந்துச்சு. எங்க யாருக்கும் கேட்கத் தோணல. பிஎஃப் யுஏஎன் நம்பரை எழுதி வைங்க. தனியார் பெண்கள் விடுதி பதிவு பண்ணியிருக்கணும்னு 2014 சட்டம் சொல்லுது, பதிவு இருக்கான்னு கேளுங்க. 181 ஹெல்ப்லைன் எல்லார் போன்லயும் இருக்கட்டும். 4,000 ரூபாய் குடுக்கறது சேவை. அந்த 4,000 தேவையே இல்லாமப் பண்றது பெரிய சேவை.

கடைசியா

எங்க மன்றம் மூடல. நான் மன்னிப்புக் கேட்டேன், காசை மூணு பேர் பொறுப்புல இருக்கற கணக்குக்கு மாத்தினோம். இப்போ தலைவி திருவண்ணாமலைப் பக்கம் இருந்து வந்து அசெம்பிளி லைன்ல வேலை பார்க்கற ஒரு அக்கா. கணக்குக்கு ஒரு ஆப் எழுதித் தரேன்னு சொன்னேன். "அதை ரிப்பேர் பண்ண மறுபடி உன்னைத்தானே தேடணும்? நோட்டே போதும்மா"ன்னுட்டாங்க. அவங்க ஆறு மாசம் மட்டும்தான் தலைவி. அடுத்தது யார்னு நோட்டுல ஏற்கெனவே எழுதியாச்சு.

அதனால தங்கச்சி, எட்டுப் பேர்ல யாரை வேணாலும் தலைவியா போடுங்க. அடுத்த தலைவி பேரையும் அதே பக்கத்துல எழுதிடுங்க. மன்றம் எப்படிப் போகுதுன்னு ஆறு மாசம் கழிச்சு இன்னொரு வாய்ஸ் நோட் போடுங்க. அதை நீங்க அனுப்பலைன்னாலும் பரவாயில்ல, புதுத் தலைவி அனுப்பினா எனக்கு இன்னும் சந்தோஷம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.