மண் சரிந்தது, சரி... அப்புறம்?

2017 அக்டோபர் 21, சனிக்கிழமை. பினாங்கு, தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புக்காக இங்கு வந்த அந்நியத் தொழிலாளர்கள்.

“நிலச்சரிவில் 11 பேர் பலி.” வானொலிச் செய்தியில் இதைச் சொல்ல மூன்று விநாடி போதும். தகவலிலும் பிழையில்லை. ஆனால் இந்த வாக்கியத்தில் குற்றவாளி மண்தான். மண்ணை யார் விசாரிப்பது? பின்னர் மாநில அரசு அமைத்த விசாரணை ஆணையமோ, இது மனிதத் தவறால் நேர்ந்தது, தவிர்த்திருக்கலாம் என்றது.

ஊடகவியல் படித்தவர்களுக்கு ஷாந்தோ ஐயங்காரைத் தெரிந்திருக்கும். அமெரிக்கப் பேராசிரியர். தொலைக்காட்சிச் செய்திகளை மக்களுக்குப் போட்டுக்காட்டி அவர் நடத்திய சோதனைகள் 1991இல் நூலாக வந்தன. ஓர் ஏழையின் கதையை மட்டும் காட்டினால், பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஏழையையே பொறுப்பாளியாக்கினார்கள். வறுமையை நாட்டின் பிரச்சினையாகக் காரணங்களோடு காட்டியபோது அரசையும் சமுதாயத்தையும் கேள்வி கேட்டார்கள். எல்லா விஷயத்திலும் இப்படி நடக்கவில்லை. வேலையின்மைச் செய்திகளில் பெரிய வித்தியாசமே இல்லை. வறுமையில்தான் பளிச்சென்று தெரிந்தது.

பல்கலைக்கழகத்தில் இதைப் பரீட்சைக்காகப் படித்தோம். செய்தியறையில் கடிகாரம் நம்மைத் துரத்தும். கோட்பாட்டை விளக்க அங்கே நேரமில்லை. ஆனால் ஒரு வாக்கியத்துக்கு எப்போதும் இடமிருக்கும். “அந்தச் சரிவைச் சோதித்து அனுமதித்தது யார் என்பது இன்னும் தெரியவில்லை.” இது போதும், கேட்பவரின் கவனம் மண்ணிலிருந்து மனிதர்கள் பக்கம் திரும்ப.

குற்றச் செய்தி வாசிக்கும்போது நாம் ஓரளவு உஷாராகத்தான் இருக்கிறோம். “இந்திய இளைஞர்கள் கைது” என்று எழுதும் முன், இனத்தைச் சொல்வது அவசியமா என்று யோசிக்கிறோம். எனக்கு அதிகம் உறுத்துவது நாம் ஆசையாகப் போடும் நல்ல செய்திதான்.

ஆண்டுதோறும் எஸ்.பி.எம். முடிவு வந்ததும், “வறுமையை வென்ற மாணவி!” அப்பா லாரி ஓட்டுநர், அம்மா துப்புரவுப் பணியாளர், மகளுக்கு எல்லாப் பாடத்திலும் ஏ. கேட்கும்போதே நெஞ்சு நிறைகிறது; அந்தப் பிள்ளைக்கு மாலை போட வேண்டியதுதான். ஆனால் ஐயங்கார் சொன்ன கதை இங்கேயும் ஓடுகிறது. அவள் வென்றாள் என்றால், வெல்லாதவர்கள் முயலவில்லை என்று கேட்பவர் முடிவுகட்டிவிடுகிறார். அதே அடுக்குமாடியில், அதே வகுப்பில், டியூஷனுக்குப் பணமில்லாமலும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டும் படித்த பிள்ளைகள் இந்தச் செய்தியைச் சமையலறை வானொலியில் கேட்கிறார்கள். பக்கத்தில் அம்மாவும் கேட்கிறார். “பார்த்தியா, அவளும் நம்மள மாதிரிதான்!” என்று அன்றிரவு எத்தனை வீட்டில் திட்டு விழுமோ!

மாணவியின் பேட்டியைக் குறைக்கவே வேண்டாம். அவளிடம் பேசி முடித்த கையோடு மைக்கை வகுப்பாசிரியர் பக்கம் திருப்பி, மற்றவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள், இந்தப் பிள்ளைக்குக் கிடைத்த எந்த உதவி அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டால் ஆச்சு. கூடுதலாக நாற்பது விநாடி. அதற்காக ஒரு பாட்டைக் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்தினால் நேயர்கள் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.