ஒரு நாள் லீவு, ஒரு மாத போனஸ்

வைகை அணையை ஒட்டிய ஆண்டிபட்டி வட்டாரத்தில் டி.சுப்புலாபுரத்து விசைத்தறிக்கு வருகைப் பதிவேடு பெரிய விஷயமில்லை. நெய்த அளவுக்குக் கூலி, வராவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, அவ்வளவுதான். நூல் நூற்கும் பஞ்சாலையில் கணக்கு வேறு. லீவே போடாமல் மாதம் முழுக்க ஷிப்டுக்கு வந்தால் 'அட்டென்டன்ஸ் போனஸ்' உண்டு; ஓரிரு நாள் தவறினால் பல ஆலைகளில் அந்தத் தொகை மொத்தமாகப் போய்விடும். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வராத காலத்துக்கு உரிய விகிதத்துக்கு மேல் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்றது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. (பத்துப் பேருக்குக் குறையாமல் சேர்ந்துகொண்டு, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இன்றி வராமலிருந்தால் மட்டும் எட்டு நாள் கூலி வரை பிடிக்கலாமாம், தனி ஆளின் லீவைவிடக் கூட்டத்தின் லீவுக்குத்தான் சட்டம் பயப்படுகிறது.) ஆனால் போனஸ் என்று பெயர் வைத்துவிட்டால் பிடித்தம் என்ற பேச்சே எழாது. ஒரு நாள் காய்ச்சலுக்கு ஒரு நாள் கூலியோடு மாத போனஸும் போகிறது. மூன்று ஆண்டு முடித்தால்தான் மொத்தத் தொகை, நடுவில் நின்றால் கைக்கு வருவது சந்தேகம் என்றிருந்த 'சுமங்கலித் திட்டம்' இதே ஏற்பாட்டின் நீண்ட வடிவம்.

ஒருவர் வராவிட்டால் அவர் பார்க்கும் ரிங் பிரேம் என்ற நூற்பு எந்திரம் நிற்கும், அல்லது பக்கத்து ஆள் இரட்டை வேலை பார்க்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் வாதம். உண்மைதான். இரவு பகலாக ஓடும் ஆலையில் ஆள் தட்டுப்பாடு விளையாட்டில்லை. அதற்காகத்தான் பஞ்சாலைகளில் பதிலி ஆள் வைக்கும் பழைய வழக்கம் இருக்கிறது. பதிலிக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தி, அந்தச் சுமையைக் காய்ச்சல்காரர் தலையில் ஏற்றுவது எப்படி ஒழுங்காகும்? போனஸ் என்பது சட்டக் கூலிக்கு மேல் தருவது, தருவதும் தராததும் எங்கள் விருப்பம் என்பார்கள். ஆனால் மாதாமாதம் வரும் அந்தத் தொகையை நம்பித்தான் வீட்டு வாடகையும் சீட்டுப் பணமும் கட்டப்படுகின்றன.

சொல்லாமல் வராமலேயே இருப்பவரை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. நடவடிக்கை எடுக்கலாம், விசாரித்துவிட்டு. எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்று ஒரு தொழிலாளியை விசாரணையின்றி நீக்கியது செல்லாது என்று டி.கே.யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. வேலை பறிப்பதற்கு விசாரணை வேண்டுமென்றால், போனஸைப் பறிக்கும் முன் காரணமாவது கேட்க வேண்டாமா? இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் லீவு என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தந்த உரிமை. அந்த லீவை எடுத்தவருக்கு போனஸில் கைவைக்கக் கூடாது. மற்ற நாட்களுக்கு, ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் பங்கு மட்டும் குறையட்டும். அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சில் தொழிற்சங்கங்கள் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.