துப்பாக்கி பேரும் 13.3 மில்லிமீட்டரும்

அமெரிக்காவில் வீட்டிலேயே ரைஃபிள் பூட்ட என்ன டூல்ஸ் வாங்கலாம்னு விவாதிப்பாங்க. நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாமல் அதைச் செய்தால் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆனா துப்பாக்கி பேரைச் சுமக்கும் ஒரு வண்டி நம்ம திருவொற்றியூரிலேயே தயாரானது: புல்லட். இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த ரெட்டிச் கம்பெனிக்கு அப்படி வந்த பேர்தான் ராயல் என்ஃபீல்டு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் அதுவும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆச்சு.

அப்பாவோட எழுபதுகளின் புல்லட்டை வீட்டில் பிரிச்சப்போ, ஒரு நட்டுக்கு 14-ஆம் நம்பர் ஸ்பானர் போட்டேன். ரெண்டே இழுப்பில் மூலை மழுங்கிடுச்சு.

காரணம், பழைய புல்லட்டில் பல நட்டுகள் விட்வொர்த் அளவு. 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்தது. மெட்ரிக் ஸ்பானரில் உள்ள எண் அதன் வாய் அகலம். விட்வொர்த் ஸ்பானரிலோ அது போல்ட்டின் தடிமன். கால் அங்குல ஸ்பானரின் வாய் சுமார் 13.3 மி.மீ. அந்த நட்டுக்குள் 13 நுழையாது, 14 ஆடும். ஆடும் ஸ்பானர் மூலையை மட்டும்தான் பிடிக்கும், அதனால் மூலை சிதையும். மரையின் கோணமும் வேற: விட்வொர்த் 55 டிகிரி, மெட்ரிக் 60. மாத்திப் போட்டு முறுக்கினால் மரை போயிடும்.

அதனால முதல்ல வாங்கவேண்டியது ஸ்பானர் இல்லை, வெர்னியர் கேலிப்பர். அளந்து பார்த்துட்டு விட்வொர்த் ரிங் ஸ்பானர் வாங்குங்க. அட்ஜஸ்டபிள் ஸ்பானரை கடைசிவரை பெட்டியிலேயே வைங்க. அந்த மழுங்கின நட்டு இன்னும் என் மேசை மேலதான் இருக்கு.