இரண்டு லட்ச ரூபாய் கார்டில் நான் எதைப் பார்க்கிறேன்?

சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகங்கள் வாங்கி, கேட்பவர்களுக்கு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தருவது என் தொழில். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டை விசாரிக்க வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இதுல எவ்ளோ எஃப்பிஎஸ் வரும்ணா?" கூட வந்திருக்கும் அப்பா கேட்பது வேறு: "ஏம்ப்பா, இவ்ளோ காசு குடுக்கலாமா இதுக்கு?" பிள்ளைக்கு ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம். அப்பாவின் கேள்விக்கு அந்த எண் பதிலாகாது. ஏன் ஆகாது என்பதை, இந்த வரிசையின் உச்சியில் இருக்கும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090-ஐ வைத்தே சொல்கிறேன்.

எஃப்பிஎஸ் என்பது திரையில் ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு. சினிமாவில் 24. கேமில் 60 வந்தால் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும். 120, 144 என்று ஏற ஏற மவுஸை அசைப்பதற்கும் திரை அசைவதற்கும் நடுவிலுள்ள தாமதம் குறையும். படத்தை வரைந்து கொடுப்பது கிராபிக்ஸ் கார்டின் வேலை. 4கே திரையில் ஒரு படத்துக்கு 3840 பெருக்கல் 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். 60 எஃப்பிஎஸ் வேண்டுமானால் இத்தனை புள்ளிக்கும் நிறம் கண்டுபிடித்து முடிக்க 16.7 மில்லி நொடிதான் அவகாசம். இதற்காகத்தான் 5090-க்குள் 21,760 கோர்களும் 32 ஜிபி ஜிடிடிஆர்7 மெமரியும் இருக்கின்றன. 2025 ஜனவரி 30 அன்று விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 1,999 டாலர். இங்கே என்விடியா அறிவித்த தொடக்க விலை 2,14,000 ரூபாய். கடையில் அந்த விலைக்கு வாங்க முடிந்தவர்கள் குறைவு.

இப்போது இரண்டு கார்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரு நொடியில் சரியாக 100 படம் வரைகின்றன. முதல் கார்டுக்கு ஒவ்வொரு படத்துக்கும் 10 மில்லி நொடி ஆகிறது. இரண்டாவது கார்டு 99 படங்களை எட்டெட்டு மில்லி நொடியில் முடித்துவிட்டு, மிச்சமுள்ள ஒரே படத்துக்கு 208 மில்லி நொடி இழுக்கிறது. கூட்டிப் பாருங்கள்: 792-உம் 208-உம் ஆயிரம். இரண்டுக்கும் சராசரி 100 எஃப்பிஎஸ். ஆனால் இரண்டாவது கார்டில் விளையாடுகிறவனுக்கு ஒவ்வொரு நொடியிலும் ஐந்தில் ஒரு பங்கு திரை உறைந்து நிற்கும். வளைவில் காரைத் திருப்பும்போது அப்படி உறைந்தால் சுவரில்தான் மோத வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஆறு பஸ் என்று டிப்போவில் சொல்வார்கள். ஆறும் பத்து நிமிடத்துக்குள் வரிசையாகப் போய்விட்டு, மீதி ஐம்பது நிமிடம் நீங்கள் ஸ்டாப்பில் காய்ந்தாலும் அவர்கள் கணக்கு தப்பாகாது.

உலகம் முழுவதும் கார்டுகளைச் சோதித்தவர்கள் பல வருடம் இந்தச் சராசரியைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2011-இல் அமெரிக்காவின் தி டெக் ரிப்போர்ட் தளத்தில் ஸ்காட் வாசன் என்பவர், நொடிக்கணக்கை விட்டுவிட்டு ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மில்லி நொடி ஆகிறது என்று அளந்து வரைபடமாகப் போட்டார். சராசரியில் சமமாகத் தெரிந்த கார்டுகள் அந்த வரைபடத்தில் வேறுவேறாகத் தெரிந்தன. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய சேவையை யாரும் செய்யவில்லை. இப்போது '1 பர்சென்ட் லோ' என்று ஓர் எண்ணைக் கூடவே போடுகிறார்களே, அது இந்த வழியில் வந்தது. மிக மெதுவாக வந்த நூற்றில் ஒரு பங்குப் படங்கள் என்ன வேகத்தில் வந்தன என்பதைச் சொல்லும் எண் அது. சிலர் அந்த மெதுவான படங்களின் சராசரியைப் போடுகிறார்கள், சிலர் அவை தொடங்கும் எல்லைப் புள்ளியைப் போடுகிறார்கள். அதனால் ஒருவர் போட்ட எண்ணை இன்னொருவர் போட்டதோடு ஒப்பிடக் கூடாது.

நான் பயன்படுத்துவது இன்டெல் இலவசமாகக் கொடுக்கும் பிரசென்ட்மான் மென்பொருள். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் அது பதிந்துவிடும். புதிதாக நிறுவிய கேமின் முதல் ஓட்டத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. கார்டுக்குத் தேவையான ஷேடர் நிரல்களைப் பல கேம்கள் அப்போதுதான் தயாரித்துக்கொண்டிருக்கும். அந்தத் தடுமாற்றத்துக்குக் கார்டைக் குறை சொல்வது நியாயமில்லை. கேமுக்குள்ளேயே வரும் பெஞ்ச்மார்க் காட்சியை மட்டும் நம்புவதும் இல்லை. கூட்டமான சந்தைத் தெரு, மழை, வெடிப்பு என்று கார்டு திணறும் இடமாகப் பார்த்து நானே நடந்துபோய் அளக்கிறேன்.

இந்தப் பிடிவாதத்துக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 2001-இல் ஏடிஐ நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டு குவேக் 3 கேமில் நல்ல எண்களைக் காட்டியது. ஹார்ட்ஓசிபி தளத்தார் அந்த கேமின் நிரலில் 'குவேக்' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'குவாக்' என்று எழுத்தை மாற்றி ஓட்டினார்கள். வேகம் இறங்கிவிட்டது, படத்தின் தரம் கூடிவிட்டது. பெயரைப் பார்த்துத் தரத்தைக் குறைக்கும்படி டிரைவரை எழுதியிருந்தார்கள். 2003-இல், 3டிமார்க் சோதனையை உருவாக்கிய ஃபியூச்சர்மார்க் நிறுவனம், அந்தச் சோதனையை அடையாளம் கண்டு குறுக்குவழியில் போகும்படி என்விடியாவின் டிரைவர் எழுதப்பட்டிருப்பதாக அறிக்கை வெளியிட்டது. எந்தக் காட்சியில் தேர்வு என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்தக் காட்சிக்கு மட்டும் தயாராகிவிட முடியும்.

இன்றைக்கு வந்திருக்கும் சிக்கல் இதைவிடப் பெரியது, ஏனென்றால் இதில் ஒளிவுமறைவே கிடையாது. 2025 ஜனவரி 6 அன்று லாஸ் வேகாஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் விலையுள்ள 5070 கார்டு, 1,599 டாலருக்கு வந்த முந்தைய தலைமுறை 4090-இன் திறனைத் தரும் என்றார். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 நுட்பம் செய்யும் படச் செருகலைச் சேர்த்துக்கொண்டால்தான் அந்தக் கணக்கு வரும். கார்டு முறைப்படி வரையும் ஒரு படத்துக்கு மூன்று படம் வரை செயற்கை நுண்ணறிவு இடையில் செருகும். வரைகிற அந்த ஒரு படத்தையும் கால்வாசிப் புள்ளிகளில் வரைந்து 4கே-வாகப் பெருக்கிவிட்டால், திரையில் தெரியும் 16 புள்ளிகளில் ஒன்றுதான் கார்டு நேரடியாகக் கணக்கிட்டது.

இதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 4கே-வில் சைபர்பங்க் 2077 கேமை முழு ஒளிக்கணக்கோடு ஓட்டிப் பார்த்தால் இந்த நுட்பத்தின் அருமை தெரியும். இது இல்லாமல் அப்படி விளையாட 5090-க்கே திராணி போதாது. ஆனால் இரண்டு அசல் படங்கள் கையில் இருந்தால்தான் நடுவில் செருக முடியும். ஆகவே ஒன்றைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்துத்தான் ஆக வேண்டும். திரையில் 240 என்று காட்டினாலும், அசல் 60 என்றால் உங்கள் விரலுக்குக் கிடைப்பது 60-இன் துடிப்புதான். அசல் 60-ஐத் தொட்ட பிறகு செருகினால் நன்றாக இருக்கிறது. அசல் 30-இல் கிடக்கும்போது செருகினால், காட்சி வழவழப்பாக ஓடும், கை மட்டும் சேற்றில் சிக்கியது போலிருக்கும். அதனால் எந்தக் கார்டானாலும் முதலில் செருகலை அணைத்துவிட்டு அளக்கிறேன்.

வெப்பத்திலும் சராசரி இதே வேலையைச் செய்கிறது. 2022 டிசம்பரில் வந்த ஏஎம்டி ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றில் சிப்பின் பொதுவான வெப்பம் நன்றாகவே இருந்தது. சிப்பிலேயே மிகச் சூடான புள்ளி மட்டும் 110 டிகிரியைத் தொட்டு, கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. வெப்பத்தைக் கடத்தும் ஆவி அறையில் கோளாறு. ரோமன் ஹார்ட்டுங் என்ற ஜெர்மன்காரர், இணையத்தில் டெர்பவர் என்றால் தெரியும், கார்டைப் படுக்கவைத்தும் நிறுத்திவைத்தும் அளந்து, கிடக்கும் நிலைக்கேற்பச் சூடு மாறுவதைக் காட்டினார். பிறகு ஏஎம்டியும் குறையை ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தது. 5090 வரிசையிலோ அந்தச் சூடான புள்ளியின் அளவைச் சோதனை மென்பொருள்கள் படிக்கவே முடியாதபடி என்விடியா எடுத்துவிட்டது. எனக்கு இது பிடிக்கவில்லை. மெமரியின் வெப்பத்தைப் படிக்க முடிகிறது, அதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டுச் சோதனைகளைப் பார்க்கும்போது அறையின் வெப்பத்தைத் தேடிப் பாருங்கள். 21, 22 டிகிரி என்று போட்டிருப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத சென்னை அறை 35-ஐத் தாண்டும். அங்கே 72 டிகிரி காட்டிய கார்டு இங்கே 85-ஐ நெருங்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரமாவது முழுச் சுமையில், பெட்டியின் மூடியை மாட்டிவைத்து ஓட்டிய பிறகு கிடைக்கும் எண்ணைத்தான் நான் எழுதிக்கொள்கிறேன். ஐந்து நிமிடச் சோதனையில் எந்தக் கார்டும் நல்ல கார்டுதான். 5090 இழுக்கும் 575 வாட் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்தான் இறங்குகிறது. பிராசஸரையும் சேர்த்தால் 700 வாட்டைத் தாண்டும். ஒரு டன் ஏசியின் திறனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். வீட்டில் வழக்கமாக வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். கேம் ஓடும்போது கரன்ட் போனால் கம்ப்யூட்டரும் கூடவே போய்விடும். தினம் நாலு மணி நேரம் விளையாடினால் இரண்டு மாத ரீடிங்கில் 170, 180 யூனிட் கூடும் என்பதையும் அப்பாக்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் செலவிடுவது ஒரு கேபிளில்.

5090-க்கு மின்சாரம் கொடுப்பது தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கனெக்டர். 12 வோல்ட்டில் 575 வாட் என்றால் ஏறக்குறைய 48 ஆம்பியர். அது ஆறு வயர்களில் பிரிந்து வருகிறது. சமமாகப் பிரிந்தால் வயருக்கு 8 ஆம்பியர். ஒரு பின் தாங்கக்கூடியது 9.5. சராசரியில் பார்த்தால் பயமில்லை. ஆனால் சமமாகப் பிரியும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் அந்தக் கார்டில் கிடையாது. ஆறு வயர்களும் கார்டுக்குள் நுழைந்ததும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. எந்த வயரில் எவ்வளவு வருகிறது என்று கார்டுக்குத் தெரியாது. ஒரு பின் கொஞ்சம் தளர்ந்தால் அதன் பங்கும் மற்ற வயர்கள் மேல் ஏறும். 2025 பிப்ரவரியில் ஹார்ட்டுங் தன் 5090-இல் ஒரு வயரில் மட்டும் 20 ஆம்பியருக்கு மேல் ஓடுவதை அளந்து காட்டினார்.

4090 வந்த 2022 அக்டோபரிலிருந்தே கனெக்டர் உருகிய செய்திகள் வந்தன. கேபிளை முழுதாக அழுத்தாததே காரணம் என்று என்விடியா அப்போது சொன்னது. பிறகு கனெக்டரின் வடிவத்தைத் திருத்தி, சரியாகப் பொருந்தாவிட்டால் கார்டு இயங்காதபடி சிறிய பின்களின் நீளத்தைக் குறைத்தார்கள். நல்ல திருத்தம், ஆனால் ஆறு வயர்களும் ஒன்றாகச் சேரும் அமைப்பு அப்படியே இருக்கிறது. முந்தைய 3090 டிஐ கார்டில் இவற்றை மூன்று சோடிகளாகப் பிரித்துத் தனித்தனியே கவனிக்கும் ஏற்பாடு இருந்தது. அதை எடுத்தது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஆசுஸ் தன் ஆஸ்ட்ரல் வகைக் கார்டுகளில் ஒவ்வொரு பின்னின் மின்னோட்டத்தையும் திரையில் காட்டுகிறது. மற்றவர்களும் செய்திருக்க வேண்டும்.

டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் என்னிடம் இருக்கிறது. கார்டை முழுச் சுமையில் ஓடவிட்டு, மஞ்சள் டேப் சுற்றி அடையாளம் வைத்த ஆறு வயர்களையும் ஒவ்வொன்றாகக் கவ்வி அளக்கிறேன். 7-க்கும் 9-க்கும் நடுவில் நின்றால் திருப்தி. ஒன்று 11-ஐத் தாண்டினால் உடனே நிறுத்தி, கழற்றி, பின்களைப் பார்த்து, மறுபடி மாட்டி அளக்கிறேன். அப்படியும் இறங்காவிட்டால் கேபிளை மாற்றிவிடுவேன். பெட்டியின் பக்கக் கதவு கேபிளை அழுத்தி வளைக்கிறதா என்பதையும் பார்த்த பிறகுதான் ஒப்படைப்பது.

சரி, வாங்கலாமா? 4090-ஐவிட 4கே-வில் 5090 பெரும்பாலான சோதனைகளில் 25 முதல் 35 சதவீதம் வேகம். அறிமுக டாலர் விலை 25 சதவீதம் அதிகம். மின்சாரம் 450 வாட்டிலிருந்து 575, அதாவது 28 சதவீதம் அதிகம். வேகம் கூடிய அளவுக்கு விலையும் மின்சாரமும் கூடிவிட்டன. 3090-இலிருந்து 4090-க்கு வந்தபோது டிரான்சிஸ்டர்கள் 2,830 கோடியிலிருந்து 7,630 கோடியாகப் பாய்ந்தன, சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையை விட்டு டிஎஸ்எம்சியின் 4என் முறைக்குப் போனதால். இந்த முறை அப்படி ஒரு தாவல் இல்லை. 4090 வைத்திருப்பவர்கள் அப்படியே இருக்கலாம். 1080 திரை வைத்திருப்பவருக்கு இந்தக் கார்டு வீண். அங்கே பிராசஸர் வேலை கொடுக்கும்வரை கார்டு சும்மா காத்திருக்கும். 4கே-வில் 144 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட திரையும், பகலில் பிளெண்டர் 3டி மென்பொருளில் உழைத்து இரவில் விளையாடும் வழக்கமும் உள்ளவருக்கு 32 ஜிபி மெமரியே விலைக்கு நியாயம் சொல்லிவிடும். அவருக்கு நான் தயங்காமல் எடுத்துக் கொடுப்பேன்.

வாங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஆர்ஓபி என்ற கட்டத்தைப் பாருங்கள். 176 என்று இருக்க வேண்டும். படத்தைக் கடைசியாகத் திரைக்குத் தயார்செய்யும் இந்த அலகுகள் எட்டு குறைவாக, 168-ஓடு சில கார்டுகள் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்துவிட்டதாக 2025 பிப்ரவரியில் என்விடியாவே ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ அரை சதவீதக் கார்டுகள், வேக இழப்பு சராசரியாக 4 சதவீதம் என்றார்கள். 168 காட்டினால் அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து, பில்லோடும் பெட்டியோடும் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். மாற்றித் தருவார்கள்.